கொடும்பாளூர்ப் பூதி விக்கிரமகேசரியார்: குடியும் தொண்டும்

சைவத் திருத்தொண்டர் அறுபத்துமூவருள் முடிவேந்தரும் உளர். குறுநில மன்னரும் உளர். அமைச்சரும் படைத்தலைவரும் உளர். அவர் செய்த தொண்டினைப் பெரியபுராணம் நமக்குத் தெளிவுற உணர்த்துகின்றது. ஆயின், அத்தொண்டர் சிவபதம் எய்திய பின்னர் அவர் பிறந்த குடி யாதாயிற்று, அவர் காட்டிய நெறியைப் பின்வந்தோர் போற்றினரோ மறந்தனரோ என்று வினவுவார்க்கு விடை கிடைத்தல் அரிது. தொண்டர் பெருமையை உணர்த்த எழுந்த நூல் குடிவழியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இடங்கழி நாயனார் திறத்திலோ அவ்வினாவிற்கு ஒருவாறு விடை உண்டு. அவ்விடை ஏட்டில் இல்லை. கொடும்பாளூரிற் கல்லில் உள்ளது.

அவ்வூரை ஆண்ட இருக்குவேளிர் குடியில் நாயனார்க்குப் பின் தோன்றிய பூதி விக்கிரமகேசரியாரின் வரலாறும், அவர்தம் பெற்றோர் மனைவியர் மக்களைப் பற்றிய செய்திகளும், அவர் செய்த தொண்டும் ஈண்டு ஆராயப்படும். பழஞ்செய்தி அறிதல் மட்டுமே இவ்வாராய்ச்சியின் பயன் அன்று. பெருஞ்செல்வமும் பெரும்படையும் உடையானொருவன் அச்செல்வத்தை யாருடையது என்று எண்ணினான், அவ்வெண்ணம் சித்தாந்த நெறிக்கு எவ்வாறு இயைகின்றது என்பதை உணர்தலே இதன் முடிந்த பயனாம்.

ஊரும் குடியும்

கொடும்பாளூர், திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரைக்குச் செல்லும் பெருவழியை அடுத்து, விராலிமலைக்கு அண்மையில், புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. இஃது இன்று சிற்றூர். பண்டு கோனாட்டின் தலைநகர். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை இவ்வூரைக் கொடும்பை எனக் குறிக்கும். மதுரைக்கு வழி கேட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன், கொடும்பைக் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்று கூறி, அப்பிரிவிற்குச் சிவபெருமான் ஏந்திய முத்தலைச் சூலத்தை உவமை காட்டுகின்றான். சோழநாட்டையும் பாண்டிநாட்டையும் இணைக்கும் வழி இங்கே கிளைத்தலின், இவ்வூரைக் கைக்கொண்டார் இருபெரு நாட்டுக்கும் இடையே வலியராயினர். அவ்வலிமை காரணமாகவே இருபெரு வேந்தரின் போர்களும் இவ்வூரைச் சூழ்ந்தன. இருக்குவேளிர் வாழ்வின் ஏற்றமும் இடரும் இவ்விடத்தியல்பினின்றே தோன்றின என்க.

வேளிர் தமிழகத்துப் பழங்குடியினர். கபிலர், இருங்கோவேளை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், வேளிர் துவரையை ஆண்ட மரபினர் என்பர். மூவர்கோயில் வடமொழிக் கல்வெட்டு, பூதியாரின் தந்தையாரை யதுகுலத்துக் கொடி என்று புகழும். துவரை யாதவர் நகர் ஆதலின், இரண்டு கூற்றும் தம்முள் இயைவனவாம்.

அக்கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துபோயிற்று. எஞ்சிய பகுதியில் பரவீரசித்து, வீரதுங்கர், அதிவீரர், சங்ககிருத்து, நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனர், சமராபிராமர் என்னும் முன்னோர் முறையே கூறப்படுகின்றனர். இவருள் பரதுர்க்கமர்த்தனர் வாதாபியை வென்றவர் எனப்படுகின்றார். பல்லவப் படை கி. பி. 642இல் வாதாபியை அழித்த செய்தி வரலாற்றிற் புகழ்பெற்றது; அப்போரிற் படைத்தலைமை பூண்டவர் பின்னர்ச் சிறுத்தொண்டராகிய பரஞ்சோதியார் என்பது சைவர் அனைவரும் அறிந்ததே. கல்வெட்டுக் குறிக்கும் வாதாபி வெற்றி அப்போரைச் சார்ந்ததாயின், பிற்காலத்து இரு நாயன்மார் வரலாற்றொடு தொடர்புடைய மரபுகள் ஒரே போர்க்களத்தில் நின்றன என்று எண்ண இடமுண்டு.

நாயனார் திறந்த களஞ்சியம்

இடங்கழி நாயனார் இக்கொடும்பாளூரில் இருந்து ஆண்டவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவரைப் போற்றினமையால், இவர் அச்சுவாமிகட்கு முற்பட்டவராதல் வேண்டும், அன்றி அவர் காலத்தவராதல் வேண்டும். நம்பியாண்டார் நம்பிகள் இவரை இருக்குவேள் மன்னர் என்று குடிப்பெயரும் சேர்த்துக் கூறுவர். அம்மட்டோ! தில்லைச் சிற்றம்பலத்தைக் கொங்குநாட்டுப் பொன்னால் வேய்ந்த ஆதித்த சோழரது குலத்துக்கு முதல்வர் என்றும் சிறப்பிப்பர். சோழர்க்கும் இருக்குவேளிர்க்கும் இடையே மணவுறவு வழிவழி நிகழ்ந்தமை கல்வெட்டுக்களால் அறியப்படுதலின், நம்பிகள் கூற்று அவ்வுறவு பற்றி எழுந்ததெனக் கொள்ளுதல் பொருந்தும்.

நாயனார் வரலாறு சுருங்கியது. ஆயின் அதன் பொருள் ஆழமுடையது. அடியார்க்கு நாடோறும் அமுதளிக்கும் நியமம் பூண்ட அன்பர் ஒருவர், கைப்பொருள் முழுதும் செலவாகி, அன்றைய அமுதுக்கு நெல் பெற வழியின்றி, இரவில் அரசனது நெற்களஞ்சியத்திற் புகுந்து நெல் கவர்ந்தார். காவலர் அவரைப் பிடித்து மன்னர்முன் நிறுத்தினர். காரணம் வினவிய மன்னர்க்கு அவர் உள்ளதை உரைத்தார். கேட்ட இடங்கழியார் அவரை ஒறுத்திலர். இத்தகையாரன்றோ எனக்குப் பண்டாரம் என்று உருகி அவரை விடுவித்தார். அதனோடு அமையாது, நெல்லையும் ஏனை நிதிகளையும் அடியவர் எல்லாரும் தடையின்றி முகந்துகொள்க என்று பறையறைவித்தார்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. களவு என்பது பிறர் பொருளைக் கவர்தல். மன்னர் அவ்வன்பரை மன்னித்தார் எனின், பொருள் தம்முடையது என்ற எண்ணம் மன்னர்பால் எஞ்சி நிற்கும். மன்னித்தலும் ஓர் உடைமைச் செயலே. நாயனாரோ அவ்வளவில் நின்றாரிலர். இது அடியார் பொருள். இதுகாறும் யான் இதனைப் பூட்டிக் காத்திருந்தேன் என்று உணர்ந்தவர்போலக் கதவையே திறந்துவிட்டார். இரவிற் புகுந்தவரைக் கள்வர் என்று அழைத்தற்கு அதன்பின் இடமில்லாது போயிற்று. எனது என்னும் புறப்பற்று அறும் வகையை இவ்வளவு எளிதாக உணர்த்தும் வரலாறு பிறிதொன்று காண்டல் அரிது.

பூதியாரும் அவர் சுற்றமும்

இனிப் பூதியார் வரலாற்றுக்கு வருவாம். இவர் தந்தையார் சமராபிராமர். அதிராசமங்கலத்துப் போரில் சளுக்கியைக் கொன்றவர் என்று கல்வெட்டு அவரைப் புகழும். தாயார் அனுபமை, சோழர் குலத்துத் திருமகளார். ஆகவே பூதியார் தந்தைவழியில் வேளும் தாய்வழியிற் சோழர் பேரரும் ஆவர்.

இவருக்குப் பூதி, விக்கிரமகேசரி, தென்னவன் இளங்கோவேள் என்னும் பெயர்கள் வழங்கின. விக்கிரமகேசரி என்பது வீரம் பற்றியது. தென்னவன் என்பது பாண்டியர் பெயரொடு பட்டது. இருநாட்டெல்லைக் குடி என்பதற்கு இப்பெயரும் ஒரு சான்றாகும். பூதி என்பதோ செல்வம் எனவும் திருநீறு எனவும் இருபொருள் தருஞ் சொல். செல்வமும் நீறும் ஒரு பெயரில் அடங்கிய நயத்தை இவர் வாழ்வோடு வைத்து நோக்கின், பெற்றோர் இட்ட பெயர் பிழைபடவில்லை என்றே சொல்லத் தோன்றும்.

இவர் போர்த்திறம் பெரிது. பல்லவர் படையை எதிர்த்துப் பொருது காவிரி நீரைக் குருதியாற் சிவப்பித்தார் என்றும், வீரபாண்டியனை வென்றார் என்றும், வஞ்சிவேளை அழித்தார் என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. பல்லவரொடு செய்த போரைச் சிறப்பாகக் கொள்வார் இவரைக் கி. பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்தர் காலத்தில் வைப்பர். வீரபாண்டியன் என்னும் பெயரைச் சிறப்பாகக் கொள்வார் கி. பி. 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், சுந்தரசோழர் காலத்தை ஒட்டி வைப்பர். எக்கோள் கொள்ளினும், சோழர் சிறுநிலையினின்று பேரரசராய் எழுந்த காலத்தில் அவர்க்குத் தோள்கொடுத்த குடியின் தலைவர் இவர் என்பதில் ஐயமில்லை.

இவர்க்குத் தேவியர் இருவர்: கற்றளியார், வரகுணையார். கற்றளி என்பது கல்லாற் சமைத்த கோயிலுக்குப் பெயர். செங்கற்றளிகள் கற்றளிகளாய் மாறிவந்த அக்காலத்தில், குலமகளொருவர் கோயிலின் பெயரையே தம் பெயராகத் தாங்கியிருந்தமை எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது. கற்றளியார் வயிற்றிற் பராந்தகர், ஆதித்தவர்மர் என்னும் மைந்தர் இருவர் பிறந்தனர். இவ்விரண்டும் சோழ வேந்தர் பெயர்கள். பாட்டியார் பிறந்த குடியின் பெயர்களைப் பேரர்க்கு இட்ட இவ்வழக்கம், இருகுடியும் எத்துணை அணுக்கமாய்க் கலந்தன என்பதைக் காட்டும்.

இக்குடிப் பிறந்த மகளிரும் ஆடவரும் பிறரும் கல்வெட்டுக்களில் இடம் பெற்றுள்ளனர். தென்னவன் இளங்கோவேளார் மகளார் பூதி ஆதித்தபிடாரியார், முதற் பராந்தக சோழர் மைந்தர் அரிகுலகேசரியார்க்குத் தேவியானவர். காவிரித் தென்கரையில், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, திருச்செந்துறையிற் சந்திரசேகரர் கற்றளியை எடுப்பித்தவர் இவ்வம்மையாரே. அதற்கு அண்மையிலுள்ள அந்தநல்லூர்த் திருவாலந்துறைக் கோயிலைக் கல்லாற் சமைத்தவர் செம்பியன் இருக்குவேளாகிய பூதி பராந்தகர். அக்குடியினர் மற்றொருவர், பராந்தகன் சிறியவேளார். சுந்தரசோழர் படைக்குத் தலைமை பூண்டு ஈழம் சென்று, ஆண்டுப் போர்க்களத்தில் உயிர்நீத்தார். சுந்தரசோழர் ஆட்சி கி. பி. 957 முதல் 973 வரை நிகழ்ந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்குங்கால், அக்குடியில் ஆடவர்க்கு வாளும், ஆடவர் மகளிர் இருபாலார்க்கும் கோயிற்றிருப்பணியும் பொதுவாய் நின்றமை புலனாகும். புகுந்த இல்லத்திலும் பிறந்த குடியின் வழக்கத்தை மகளிர் கொண்டு சென்றனர். ஒரு குடியின் அறம் பரவுதற்கு இதனினும் உறுதியான வழி வேறில்லை.

மூன்று விமானமும் ஒரு மடமும்

பூதியார் செய்த திருப்பணி இன்று மூவர்கோயில் என வழங்குகின்றது. மூன்று விமானங்கள் தெற்கு வடக்காக ஒரே வரிசையில், மேற்கு நோக்கிய வாயிலொடு அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் அடியில் 21 அடிச் சதுரமானது. சுற்றிலும் பரிவார தேவர்க்குரிய சிறுகோயில்கள் இருந்தன. நடுவிமானமும் தென்விமானமும் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. வடவிமானத்தின் அடித்தளமே எஞ்சியுள்ளது. மாதொருபாகர், காலனை உதைத்த பிரான், யானையுரித்த பிரான் முதலிய திருவுருவங்கள் அங்குள்ள சிற்பத்திறத்துக்குச் சான்றாவன. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் இக்கோயில் இருந்துவருகின்றது. இதற்கு அண்மையில் முசுகுந்தேசுவரர் கோயிலும், ஐந்தளியென்னும் மற்றொரு பழங்கோயிலின் அடித்தளமும் உள்ளன.

மூன்று விமானங்களைத் தம் பெயராலும், தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்தார் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. மன்னர் மனைவியர் கோயில் எடுத்தல் உண்டு; மன்னர் தம் பெயரால் எடுத்தலும் உண்டு. தலைவர் ஒருவர், தாமும் தேவியர் இருவரும் ஒருவரிசையில் ஒத்த அளவினவாய் நிற்குமாறு மூன்று தளிகள் எடுத்தமை சிறப்புடைத்து. அவற்றுள் பெரிது சிறிது என்னும் வேற்றுமையில்லை. சிவபுண்ணியத்தில் மனைவியர் உடன்பங்காளர் என்பதை அவர் சொல்லாற் கூறாது அளவாற் கூறினார்.

கோயிலொடு அவர் அமைந்தாரிலர். மதுரையைச் சார்ந்தவரும், ஆத்திரேய கோத்திரத்தவரும், வித்தியாராசி தபோராசி என்னும் ஆசிரியர்க்கு மாணாக்கரும், காளாமுகத் தவத்தோர்க்குத் தலைவருமாகிய மல்லிகார்ச்சுனர் என்னும் முனிவர்க்குப் பெரியதொரு மடத்தை அளித்தார். அம்மடத்தில் ஐம்பது தவத்தோர் உண்ணுதற்கும், பூசைக்கு வேண்டும் மலர், நறும்புகை, விளக்கு முதலியவற்றுக்கும் பதினொரு ஊர்களை நிவந்தமாக விட்டார். இடங்கழியார் களஞ்சியத்தைத் திறந்தார். பூதியார் களஞ்சியத்துக்கு நெல் வரும் ஊர்களையே எழுதிக்கொடுத்தார். முன்னவர் செயல் அன்பின் வேகத்தால் ஒருபொழுதில் நிகழ்ந்தது. பின்னவர் செயல் அவ்வன்பை நாடோறும் நிலைபெறச் செய்யும் ஏற்பாடு. கல்வெட்டின் எஞ்சிய பகுதியில் நாயனார் திருப்பெயர் இல்லை. ஆயினும் ஒரே ஊரில், ஒரே குடியில், அடியார் உணவின் பொருட்டே அரசச் செல்வம் இருமுறை திறக்கப்பட்டதைக் காண்பார், நாயனார் அறைவித்த பறையின் ஒலி அவ்வூரில் அடங்கிவிடவில்லை என்றே துணிவர்.

தடையும் விடையும்

இனிச் சித்தாந்த சைவர் இவ்வரலாற்றின்மேல் எழுப்பத்தகும் தடைகளை ஆராய்வாம்.

முதலாவது தடை: காளாமுகர் நம் சமயத்தார் அல்லரே. பாசுபதம், மாவிரதம், காபாலம், வாமம், வைரவம், ஐக்கியவாதம் என்னும் ஆறும் அகப்புறச் சமயம் என்று நம் ஆசிரியர் வகுத்தனர். காளாமுகர் மாவிரதியரொடு சேர்த்து எண்ணப்படுவர். முத்தியிற் சிவகுணங்கள் உயிர்க்குப் புதியனவாய்த் தோன்றும் என்பது அவர் கொள்கை. இயல்பாகவே உயிர்பால் உள்ள அறிவும் தொழிலும் மலத்தால் மறைந்து நின்று, மலம் நீங்கியவழி அருளால் விளங்கும் என்பது நம் கொள்கை. கொள்கை வேறாயினாரை ஊட்டுதல் சிவபுண்ணியம் ஆமோ எனின்,

ஆம் என்க. அகப்புறம் என்னும் பெயரிலேயே அகம் என்னும் சொல் முன் நிற்றலை நோக்குக. சிவபெருமானே முழுமுதல் என்று கொண்டு, நீறு பூண்டு, தவம் ஆற்றுவார் அவர். முத்தியியல்பு பற்றி நம் ஆசிரியர் அவரை மறுப்பது அளவைநெறியால் நிகழும் ஆராய்ச்சி. அம்மறுப்பு உணவுப் பந்தியில் அவரை விலக்குதற்கு எழுந்ததன்று. மானக்கஞ்சாற நாயனார்பால் இறைவன் மாவிரதியர் வேடங்கொண்டே எழுந்தருளினான். நாயனார் அவ்வேடத்தைக் கண்டு கொள்கை வினவினாரிலர்; தம் மகளாரின் மணநாளிலேயே அவர் கூந்தலை அரிந்து நீட்டினார். அவ்வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் போற்றி விரிக்கின்றார் எனின், வேடத்துக்குச் செய்யும் வழிபாடு கொள்கை வேறுபாட்டால் தடைப்படாது என்பது பெறப்படும்.

காளாமுகரைப் பற்றிப் பிறமதத்து ஆசிரியர் சிலர் எழுதியவை கேட்பார்க்கு அருவருப்பு விளைப்பன. மண்டையோட்டில் உண்பார், சுடலை நீறு பூசுவார் என்று அவரைக் குறிப்பர். ஆயின் கல்வெட்டுக்கள் காட்டும் காளாமுகர் கற்றோராயும் மடமமைத்து ஓம்புவோராயும் உள்ளனர். கருநாடகத்துப் பள்ளிகாவெயில் இருந்த கோடியமடத்தைக் கி. பி. 1162ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வேதங்களும் இலக்கணமும் தருக்கமும் பிற தரிசனங்களும் ஓதப்படும் இடமாகவும், வறியோர், குருடர், முடவர் முதலியோர்க்கு உணவும் நோயுற்றோர்க்கு மருந்தும் வழங்கும் இடமாகவும் விரித்துரைக்கின்றது. ஒரு கூட்டத்தாரை அவர்தம் எதிரிகள் சொல்லால் மட்டும் அளத்தல் நடுநிலை ஆகாது.

இரண்டாவது தடை: காவிரியைக் குருதியாற் சிவப்பித்த கை, அடியார்க்கு அன்னம் இடுதல் தகுமோ? போரிற் கொண்ட பொருள் அறத்துக்கு ஆகுமோ? இது முன்னதினும் வலியது; இதனை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. தீவினைக்கு ஈடாக நல்வினை செய்து கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கருதுவார் உளர். நம் சமயம் அவ்வாறு கூறாது. நல்வினையும் தீவினையும் தம்முள் ஒன்றையொன்று கழித்துவிடா. இரண்டன் பயனும் தனித்தனி நுகரப்படும். ஆகவே, ஐம்பதின்மர்க்கு அன்னம் இட்டதனால் போர்க்களத்துப் பழி இல்லையாயிற்று என்று பூதியார்க்காக நாம் வழக்குரைக்க வேண்டுவதில்லை.

அற்றேல் அவ்வன்னத்தாற் பயன் யாது எனின், கூறுதும். பசுபுண்ணியம் வேறு, சிவபுண்ணியம் வேறு. தன்னலம் கருதிச் செய்யும் நல்வினை இன்பம் தந்து, அவ்வின்பத்தாலேயே மீளவும் பிறவியிற் பிணிக்கும். சிவனையும் அவன் அடியாரையும் முன்னிட்டுச் செய்யும் பணியோ யான் எனது என்னும் செருக்கைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, இருவினை ஒப்புக்கும் மலபரிபாகத்துக்கும் உயிரைப் பக்குவப்படுத்தும். அது கணக்கைத் தீர்ப்பதன்று. கணக்கு எழுதும் கையையே மெல்ல மெல்லத் தளர்விப்பது. வாள் பிடித்துப் பழகியவர்க்கு இப்பணி மிகவும் வேண்டப்படும். பழியுடையார் கோயில் வாயிலில் நில்லற்க என்று விலக்கின், உள்ளே புகத்தக்கார் எவருளர்?

மூன்றாவது தடை: தம் பெயரையும் தேவியர் பெயரையும் விளங்க வைத்து, வென்ற போர்களையும் கல்லில் வெட்டுவித்தமை புகழாசை அன்றோ? அதில் புகழ் விருப்பம் சிறிதும் இல்லை என்று கூறுவார் கூற்றை யாம் மேற்கொள்ளேம். அஃது அரசர் இயல்பு. ஆயினும் ஒன்று கருதுக. பெயரெழுதிய கல்லின் பயன் பெயருடையார்க்கு மட்டும் ஆவதன்று. பதினொரு ஊர் விடப்பட்டது என்பதும், அது ஐம்பதின்மர் உணவின் பொருட்டு என்பதும் கல்லில் இருந்தமையாலன்றோ பின்வருவார் அவ்வறத்தை அழிக்க நாணுவர்? அக்காலத்தில் கல்வெட்டே அறத்துக்கு ஆவணம். ஒரு விளக்கை ஈந்து, அதன் ஒளி வெளிப்படாதபடி அதன்மேல் ஈந்தார் பெயரை எழுதும் இக்கால வழக்கத்தை இதனொடு ஒப்பிடுதல் ஆகாது.

பன்னிரண்டாஞ் சூத்திரப் பொருள்

மெய்கண்ட தேவநாயனார் கி. பி. 13ஆம் நூற்றாண்டினர். அவர் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கி அன்பரொடு கூடி நிற்பார், அடியாரின் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவன் எனவே கண்டு தொழுவர் என்று உணர்த்துகின்றது. வழிபடற்பாலனவாக ஈண்டுக் கூறப்பட்டவை இரண்டு: ஒன்று வேடம், மற்றொன்று ஆலயம். பூதியார் செய்தனவும் இரண்டு: ஒன்று மடம், மற்றொன்று மூன்று தளி. சூத்திரம் எழுதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, அதன் இருபொருளும் கொடும்பாளூரில் ஒரு மதிலருகே செயலாய் நின்றன.

அச்சூத்திரம் சீவன்முத்தர் இயல்பு கூறுவதாயிற்றே. அதனை நாடாண்ட வேளொருவர்க்கு ஏற்றுதல் எங்ஙனம் எனின், அறியாமையால் எழுந்த வினா அன்று அது. முத்தர்க்கு இயல்பாய் நிற்பது, சாதகர்க்குப் பயிற்சியாய் விதிக்கப்படும். சிவஞானசித்தியாரிற் சரியை நெறி கூறுமிடத்து, திருக்கோயிற்பணி செய்தலும், திருவேடங் கண்டவழிப் பணிந்து ஏவல் கேட்டு நிற்றலும் சேர்த்தே கூறப்பட்டன. தொடக்கத்திற் செய்வதும் முடிவில் நிற்பதும் செயலளவில் ஒன்றே. தொடக்கத்தில் யான் செய்கின்றேன் என்னும் எண்ணம் உடன்வரும். முடிவில் அஃது இன்றி அச்செயல் மட்டும் நிற்கும். பூதியார் தொடக்கத்தில் நின்றார் என்றே கொள்வோம். இடங்கழியார் முடிவில் நின்றார். ஒரு குடி இவ்விருவரையும் பயந்தது. முடிவில் நின்றார்க்குத் தொகையுள் இடம் கிடைத்தது. தொடக்கத்தில் நின்றார்க்குக் கல்லில் இடம் கிடைத்தது. நம்போலியர்க்கு அணிமையில் உள்ளவர் பின்னவரே. அவர் வாழ்வு கற்கத்தக்கது என்பது அதுபற்றியே.

குடும்பம் என்பதை ஆன்மநெறிக்குத் தடை என்று கூறுவார்க்கும் இவ்வரலாறு விடையாகும். பூதியார் துறந்தாரிலர். அன்னையார், தேவியர், மைந்தர், மணவுறவு என்னும் வலைப்பின்னல் முழுவதும் அவரைச் சூழ்ந்திருந்தது. அவ்வலையின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு தளியாகவோ ஒரு நிவந்தமாகவோ மாறிற்று. மனைவியர் பெயர் விமானமாயிற்று. குடிப்பிறந்த மகளார் திருச்செந்துறையில் தளி எடுத்தார். பூதி பராந்தகர் திருவாலந்துறையில் தளி எடுத்தார். பற்றினைப் பற்றற்றான்பால் திருப்பிவிட்டால் சுற்றமே தொண்டர் கூட்டமாய் அமையும் என்பது இதனால் விளங்கும்.

எஞ்சி நிற்பது

இருக்குவேளிர் ஆட்சி மறைந்தது. அவர் காத்த பெருவழியில் இன்று எவரெவரோ செல்கின்றனர். காவிரி தன் நிறத்தில் ஓடுகின்றது. அதனைச் சிவப்பித்த பெருமிதம் கல்வெட்டு வாசகமாய்ச் சுருங்கிற்று. மல்லிகார்ச்சுனர் இருந்த பெருமடமும் இன்று நம் கண்ணிற்குக் காட்சி தருவதன்று. மூன்று தளிகளில் இரண்டு நிற்கின்றன. ஆயின், நெல் எடுக்க வந்தவரை விடுவித்த இடங்கழியாரின் செயலை ஆண்டுதோறும் சைவர் நினைக்கின்றனர். ஐப்பசிக் கார்த்திகையில் அவர்க்குக் குருபூசை நிகழ்கின்றது. வென்ற போர்களைக் கற்றார் சிலரே அறிவர். திறந்த களஞ்சியத்தைச் சைவக் குழந்தைகளும் அறிவர். ஒரு குடிக்கு எஞ்சுவது எது என்பதைக் கொடும்பாளூர் இங்ஙனம் தீர்த்துரைக்கின்றது.

இதனைக் கற்ற அன்பர்கள் பதினொரு ஊரும் பெருமடமும் வேண்டும் என்று மலைத்தல் வேண்டா. வரும் ஐப்பசிக் கார்த்திகை நாளில், தத்தம் இல்லத்தில், மனைவி மக்களொடு கூடி, அடியவர் ஒருவர்க்கேனும் அமுதளிக்க. அவர் எம்மடத்தார், எக்கொள்கையார் என்று ஆராய்தலை உணவிட்ட பின்னர் வைத்துக்கொள்ளலாம். இட்ட சோறு யாருடையது என்னும் வினாவை மட்டும் இடுவதற்கு முன்னர்த் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க. இடங்கழி நாயனாரின் களஞ்சியக் கதவு திறந்த நெறி அதுவே.

திருச்சிற்றம்பலம்.